தேவனுடைய சத்தத்தைக் கேட்பதும் கீழ்ப்படிவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதபாட வகுப்பிலும், ஜெபக்கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். சிலவற்றுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்குப் போதாது.

தேவன் இன்றும் பேசுகிறாரா? வேதம் எழுதி முடிந்ததோடு பேச்சும் முடிந்துவிட்டதா?

இதில் சபைகள் ஒரே குரலில் பேசுவதில்லை. தீர்க்கதரிசனமும் அந்நியபாஷையும் (கற்காத மொழியில் பேசும் வரம்) அப்போஸ்தலர் காலத்தோடு நின்றுவிட்டன என்று சீர்திருத்த மரபைச் சேர்ந்த பலர் கற்பிக்கிறார்கள். அவை இன்றும் உண்டு என்பது பெந்தெகொஸ்தே சபைகளின் போதனை. கிறிஸ்துவுக்குள் வெளிப்பாடு நிறைவடைந்துவிட்டது, பிற்காலத்தில் தனிமனிதருக்குக் கிடைக்கும் காட்சிகள் அதோடு எதையும் கூட்டுவதில்லை என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை.

சண்டை பெரிதாகத் தெரிந்தாலும், முக்கியமான இடத்தில் மூன்று தரப்பும் ஒன்றாகவே நிற்கின்றன. பூர்வகாலங்களில் தீர்க்கதரிசிகள் மூலம் பேசின தேவன் குமாரன் மூலமாய்ப் பேசிவிட்டார் என்கிறது எபிரெயர் நிருபத்தின் தொடக்கம். அந்தப் பேச்சைத் திருத்தவோ மிஞ்சவோ எந்தப் புதிய குரலுக்கும் இடமில்லை. அதே சமயம், தம்முடைய பிள்ளைகளை அவர் நடத்துகிறார் என்பதையும் எவரும் மறுப்பதில்லை. கீழே வரும் பதில்கள் இந்தப் பொது இடத்தில் நின்றே எழுதப்பட்டவை.

காதால் கேட்கும் குரலையா எதிர்பார்க்க வேண்டும்?

வேண்டாம். வேதத்திலேயே அது அபூர்வம். கேட்டவர்கள்கூட ஒரே மாதிரி கேட்கவில்லை. யோவான் 12-ஆம் அதிகாரத்தில் வானத்திலிருந்து சத்தம் வருகிறது. அங்கே நின்ற ஜனங்களில் சிலர் இடி முழங்கியது என்றார்கள், வேறு சிலர் தேவதூதன் பேசினான் என்றார்கள். உரத்த குரல் கேட்டால் சந்தேகமெல்லாம் ஓடிவிடும் என்று நினைப்பவர்கள் இந்தப் பகுதியை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டும்.

ஓரேப் மலையில் தீர்க்கதரிசி எலியாவுக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ‘அமர்ந்த மெல்லிய சத்தம்’. பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. தொடர்ந்து வாசித்தால், அந்தச் சத்தம் எலியாவைத் தட்டிக்கொடுக்கவில்லை என்பது தெரியும். ‘எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?’ என்று முன்பு கேட்ட அதே கேள்வியையே மறுபடியும் கேட்டது. எலியாவும் முன்பு சொன்ன அதே புலம்பலை மறுபடியும் சொன்னார். பதிலாகக் கிடைத்தது வேலை: தமஸ்குவின் வழியே திரும்பிப் போய் ஆசகேலையும் யெகூவையும் எலிசாவையும் அபிஷேகம் பண்ணு என்ற கட்டளை. மெல்லிய சத்தம் என்றால் இனிமையான சத்தம் என்று நாமாக எண்ணிக்கொள்கிறோம்.

அப்படியானால் பெரும்பாலும் எப்படிப் பேசுகிறார்?

ஏற்கெனவே எழுதப்பட்ட வசனத்தின் மூலம். மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில், பெற்றோரை இழந்து சொத்தோடு இருந்த அந்தோணி என்ற இளைஞர் ஆராதனைக்குப் போனார். அன்று வாசிக்கப்பட்ட பகுதி மத்தேயு 19: உனக்கு உண்டானவைகளை விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்று இயேசு ஐசுவரியவானாகிய வாலிபனுக்குச் சொன்னது. அந்த ஆலயத்தில் எல்லோர் காதிலும் அதே வசனம்தான் விழுந்தது. அந்தோணி எழுந்து போய்ச் சொத்தைக் கொடுத்துவிட்டார். பின்னாளில் துறவிகளின் தந்தை என்று அழைக்கப்பட்டவர் அவர்தான். அவருக்கென்று தனியாக எந்தக் குரலும் வரவில்லை.

இதைத் தவிர மனசாட்சியின் உறுத்தல், முதிர்ந்த விசுவாசிகளின் ஆலோசனை, ஜெபத்தில் எழுந்து நாள்கணக்கில் விலகாமல் நிற்கும் ஒரு நினைவு, தேவையில் இருக்கும் ஒரு மனிதர் நம் முன்னால் வந்து நிற்பது ஆகியவற்றையும் அவர் பயன்படுத்துகிறார். சொப்பனங்களும் வேதத்தில் உண்டு. ஆனால் பிரசங்கி 5-ஆம் அதிகாரம் சொல்வதுபோல, தொல்லைகள் மிகுந்தாலும் சொப்பனம் வரும்.

அன்றாடம் எப்படிப் பழகுவது?

சுவிசேஷத்தில் ஒரு சிறு பகுதியை எடுங்கள். பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள், சற்றுப் பொறுத்து இன்னொரு முறை வாசியுங்கள். இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள், எனக்கு என்ன சொல்கிறது என்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் ஒவ்வொரு வசனமும் நம் சொந்தக் கவலைக்கு ஒத்து ஊத ஆரம்பித்துவிடும். பிறகு, அன்றைக்குள் செய்து முடிக்கக்கூடிய ஒரே ஒரு காரியத்தைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். ‘அதிகமாக அன்புகூர வேண்டும்’ என்று எழுதுவதில் பயனில்லை. ‘மூன்று மாதமாகப் பேசாதிருக்கும் அண்ணனை இன்று அழைக்க வேண்டும்’ என்று எழுதுங்கள். இரவில் அதே பக்கத்தைத் திறந்து, செய்தேன் அல்லது செய்யவில்லை என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். சில மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால், திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டும் நாம் நழுவிக்கொண்டே வந்த காரியம் எது என்று நோட்டே காட்டிவிடும்.

கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

வேதத்தைக் கண்மூடித் திறந்து, விரல் படும் வசனத்தை எனக்கான வார்த்தையாக எடுத்துக்கொள்ளலாமா?

சபைப் பிதாக்களில் ஒருவரான அகுஸ்தீனை எல்லோரும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அவர் அழுதுகொண்டிருந்தபோது ‘எடுத்து வாசி’ என்று ஒரு குழந்தையின் குரல் பக்கத்திலிருந்து கேட்டது. பவுலின் நிருபங்களைத் திறந்தார். ரோமர் 13-இன் கடைசி வசனங்கள் கண்ணில் பட்டன: களியாட்டையும் வேசித்தனத்தையும் விட்டு இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளச் சொல்லும் வசனங்கள்.

ஆனால் அந்தப் புத்தகம் அங்கே இருந்ததே அவர் அதை ஏற்கெனவே வாசித்துக்கொண்டிருந்ததால்தான். மேலே சொன்ன அந்தோணியின் கதையை ஒரு நண்பர் அன்றுதான் அவருக்குச் சொல்லியிருந்தார். எதை விட வேண்டும் என்பதும் அவருக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். விரல் பட்ட வசனம் அவருக்குப் புதிய தகவல் எதையும் தரவில்லை. தப்பிக்க மீதமிருந்த ஒரே வழியையும் அடைத்தது, அவ்வளவுதான். வேலையை விடலாமா, வீட்டை விற்கலாமா என்று தெரிந்துகொள்ள வேதத்தைப் புரட்டுவது வேறு விஷயம். அது குறி பார்ப்பதற்குப் பக்கத்து வீடு. வனாந்தரத்தில் பிசாசும் 91-ஆம் சங்கீதத்தைத்தான் எடுத்துக் காட்டினான், இடம் பொருள் பார்க்காமல்.

இது என் சொந்த எண்ணமா, தேவ சத்தமா, பிசாசின் குரலா? எப்படி அறிவது?

அதிகமாகக் கேட்கப்படுவது இதுதான். சூத்திரம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் சபை இரண்டாயிரம் ஆண்டுகளாக இதை யோசித்து வந்திருக்கிறது, நாம் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை.

முதலில், வேதத்துக்கு முரணானதைப் பற்றி விசாரணையே வேண்டாம். இன்னொருவருடைய மனைவியை மணக்கச் சொன்னார், கணக்கை மறைக்கச் சொன்னார் என்றெல்லாம் வருகிறவர்கள் உண்டு. அதற்கு உபவாச ஜெபம் தேவையில்லை, பத்துக் கட்டளைகள் போதும்.

அடுத்து, அந்த எண்ணம் யாருக்குச் சாதகமாக இருக்கிறது என்று பாருங்கள். எனக்கு வரும் ‘தேவ சத்தம்’ எப்போதும் நான் விரும்பியதையே சொல்கிறது, என் எதிரிகளையே கண்டிக்கிறது என்றால், பேசுவது யார் என்று கண்டுபிடிப்பது கடினமல்ல.

மூன்றாவதை, இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியாரிடமிருந்து கற்கலாம். 1521-இல் பம்ப்லோனா போரில் பீரங்கிக் குண்டு அவருடைய காலை முறித்தது. மாதக்கணக்கில் படுக்கை. வீரசாகசக் கதைகள் கேட்டார், கிடைத்ததோ கிறிஸ்துவின் வாழ்க்கையும் புனிதர்களின் சரிதங்களும். படுத்தபடியே இரண்டு வகைக் கனவுகளில் மூழ்கினார்: ஒரு சீமாட்டியின் மனதைக் கவரும் வீரச் செயல்கள் ஒருபுறம், புனிதர்களைப் போல வாழ்வது மறுபுறம். நினைக்கும் நேரத்தில் இரண்டுமே இனித்தன. நினைத்து முடித்த பிறகு முதலாவது வறட்சியை விட்டுச் சென்றது, இரண்டாவதின் மகிழ்ச்சி தங்கியது. இதைக் கவனித்ததுதான் அவருடைய பிற்காலப் போதனைக்கெல்லாம் வித்து. எண்ணம் வந்தபோது எப்படி இருந்தது என்பதோடு, அது போன பிறகு என்ன மீந்தது என்றும் பார்க்கச் சொன்னார். மனம் இருண்டு கிடக்கும் நாளில், தெளிவான நாளில் எடுத்த தீர்மானத்தை மாற்றாதே என்றும் சொன்னார். ராத்திரி இரண்டு மணிக்கு ராஜினாமாக் கடிதம் எழுதுகிறவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

குற்ற உணர்வு விஷயத்திலும் வித்தியாசம் தெரியும். ஆவியானவர் உணர்த்தும்போது பாவத்துக்கு ஒரு பெயர் இருக்கும்: நேற்று இன்னாரிடம் நீ பொய் சொன்னாய் என்று. திரும்பி வர ஒரு வழியும் இருக்கும். குற்றஞ்சாட்டுகிறவனின் குரல் மூடுபனிபோல் படரும்: நீ எதற்கும் உதவாதவன், உனக்கு மன்னிப்பே கிடையாது. தேவனுக்கேற்ற துக்கம், லௌகிக துக்கம் என்று 2 கொரிந்தியர் 7-இல் பவுல் பிரித்தது இதைத்தான். பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். ஒருவரின் துக்கம் அவரை மறுபடியும் கர்த்தரிடம் கொண்டுவந்தது, மற்றவரின் துக்கம் கயிற்றில் முடிந்தது.

இவை எல்லாவற்றுக்கும் கீழே இருப்பது பழக்கம். யோவான் 10-இல் இயேசு சொல்லும் தொழுவத்தில் பல மேய்ப்பர்களின் மந்தைகள் இரவில் சேர்ந்து கிடக்கும். காலையில் மேய்ப்பன் வந்து கூப்பிடும்போது அவனுடைய ஆடுகள் மட்டும் பிரிந்து வரும். அந்நியருடைய சத்தங்களை அவை ஆராய்ச்சி செய்து நிராகரிப்பதில்லை. தன் மேய்ப்பனோடு நாள் முழுவதும் நடந்து பழகியவை அவை.

மனதில் சமாதானம் இருந்தால் அது தேவ சித்தம் என்று கொள்ளலாமா?

நினிவேக்குப் போ என்ற கட்டளையை மீறி யோனா தர்ஷீசுக்கு ஓடுகிறார். கடல் கொந்தளிக்கிறது, கப்பல்காரர்கள் அலறுகிறார்கள், யோனா கப்பலின் கீழ்த்தட்டில் அயர்ந்து தூங்குகிறார். அவ்வளவு சமாதானம்! கெத்செமனேயில் பிதாவின் சித்தத்துக்கு முழுவதும் ஒப்புக்கொடுத்த இயேசுவின் வேர்வையோ இரத்தத்தின் பெருந்துளிகளாய்த் தரையில் விழுந்தது. சமாதானம் நல்லதுதான், அதைத் தனிச் சாட்சியாக நிறுத்தாதீர்கள்.

கதவு திறந்தால் போ என்று அர்த்தமா?

யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பலும் தயாராகவே இருந்தது. யோனாவுக்கு இடமும் கிடைத்தது, கூலியும் கையில் இருந்தது. தாவீது ஒளிந்திருந்த குகைக்குள்ளேயே, அவரைக் கொல்லத் தேடிய சவுல் ராஜா தனியாக வந்தான். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று தாவீதின் ஆட்கள் வசனம் சொல்லித் தூண்டினார்கள். தாவீது கை நீட்டவில்லை. துரோவாவில் தனக்குக் கதவு திறந்திருந்தும், உடன் ஊழியனான தீத்துவைக் காணாததால் மனதில் அமைதியில்லாமல் புறப்பட்டுப் போனதாகப் பவுலே எழுதுகிறார். சூழ்நிலையையும் கவனியுங்கள், ஆனால் முடிவெடுக்கும் பொறுப்பை அதனிடம் கொடுத்துவிடாதீர்கள்.

கிதியோனைப் போல அடையாளம் கேட்கலாமா?

கிதியோன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டு, பனி அதன்மேல் மட்டும் பெய்யட்டும் என்று அடையாளம் கேட்டது தேவ சித்தத்தைக் கண்டுபிடிக்க அல்ல. ‘நீர் சொன்னபடி’ என்றுதான் அவர் ஆரம்பிக்கிறார், சித்தம் ஏற்கெனவே தெரியும். பயத்தில் உறுதி தேடினார், அதுவும் இரண்டு தடவை. தேவன் இரங்கிப் பொறுத்துக்கொண்டார். அவருடைய பொறுமையை நமக்கு ஒரு முறைமையாக ஆக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

‘கர்த்தர் உனக்குச் சொல்லச் சொன்னார்’ என்று ஒருவர் வந்தால்?

1 இராஜாக்கள் 13-ஐ வாசியுங்கள். யூதாவிலிருந்து பெத்தேலுக்கு ஒரு தேவனுடைய மனுஷன் வந்தார். அங்கே அப்பம் புசிக்காதே, தண்ணீர் குடிக்காதே, போன வழியாய்த் திரும்பாதே என்பது அவருக்கு நேரடிக் கட்டளை. ராஜா விருந்துக்கு அழைத்தும் போகவில்லை. பிறகு ஒரு கிழவனான தீர்க்கதரிசி தேடி வந்து, நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், உம்மை அழைத்துப்போய் உணவு கொடுக்கும்படி தேவதூதன் எனக்குச் சொன்னான் என்றார். அது பொய் என்று வேதம் அந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறது. தேவனுடைய மனுஷன் நம்பிப் போய்ச் சாப்பிட்டார். திரும்பும் வழியில் சிங்கம் அவரைக் கொன்றது. ராஜாவின் அழைப்பை மறுக்கத் தெரிந்தவருக்குத் தீர்க்கதரிசியின் அழைப்பை மறுக்கத் தெரியவில்லை.

ஆகையால், பிறர் கொண்டுவரும் வார்த்தையை அவமதிக்கவும் வேண்டாம், அப்படியே விழுங்கவும் வேண்டாம். தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள், எல்லாவற்றையும் சோதித்துப் பாருங்கள் என்று தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதியது அடுத்தடுத்த வசனங்களில்தான். கொரிந்து சபையில் இரண்டு மூன்று பேர் பேசலாம், மற்றவர்கள் அதை எடைபோட்டு நிதானிக்க வேண்டும் என்பது ஒழுங்கு. அப்படி நிதானிக்க விடாதவர், கேள்வி கேட்டால் சாபம் வரும் என்று மிரட்டுகிறவர், இன்றைக்கே காணிக்கை அனுப்பு என்று அவசரப்படுத்துகிறவர் ஆகியோரின் வார்த்தையைச் சோதிக்கவே தேவையில்லை. அவர்களுடைய நடத்தையே சோதித்துக் கொடுத்துவிட்டது.

திருமணம் பற்றி ஒரு சொல். ‘நீதான் எனக்கு என்று ஆண்டவர் காட்டினார்’ என்று ஒருவர் சொன்னால், உங்களுக்கும் அவர் காட்டட்டும் என்று காத்திருக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. மறுப்பது தேவனை மறுப்பது ஆகாது.

தெளிவாகவே கேட்டுவிட்டேன். ஆனால் செய்ய மனம் வரவில்லை. என்ன செய்வது?

சொல்லப்போனால், ‘அவர் பேசவே இல்லை’ என்று வரும் பலருடைய உண்மையான கேள்வி இதுதான் என்பது என் கணிப்பு.

எருசலேம் பாபிலோனிடம் விழுந்த பிறகு, எஞ்சியிருந்தவர்களுக்கு அதிபதியாக வைக்கப்பட்ட கெதலியாவும் கொலை செய்யப்பட்டான். பாபிலோனியர் பழிவாங்குவார்கள் என்ற பயம். யோகனான் தலைமையில் ஜனங்கள் எரேமியாவிடம் வந்து, எங்களுக்காகக் கர்த்தரிடம் விசாரியும், நன்மையானாலும் தீமையானாலும் அவர் சொல்வதைக் கேட்போம் என்று ஆணையிட்டார்கள். எரேமியா ஜெபித்தார். பத்து நாள் சென்றபின் பதில் வந்தது: இந்தத் தேசத்திலேயே தங்கியிருங்கள், எகிப்துக்குப் போகாதீர்கள். அவர்கள் சொன்ன மறுமொழி: நீ பொய் சொல்லுகிறாய், உன் எழுத்தனான பாருக் உன்னை ஏவிவிட்டிருக்கிறான். பிறகு எகிப்துக்குப் போனார்கள், எரேமியாவையும் கூடவே கொண்டுபோனார்கள்.

இதற்கு முந்தின அதிகாரமான எரேமியா 41-இன் முடிவில் ஒரு சின்ன விவரம் இருக்கிறது. எரேமியாவிடம் வருவதற்கு முன்பே அவர்கள் பெத்லெகேமுக்கு அருகே வந்து தங்கியிருந்தார்கள், எகிப்துக்குப் போகும் எண்ணத்தோடு. பயணம் தொடங்கிய பிறகுதான் ஜெபக்கூட்டம். அவர்கள் கேட்டது வழி அல்ல, கையெழுத்து.

யோவான் 7:17-இல் இயேசு வரிசையைத் தெளிவாக வைக்கிறார். அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன் எவனோ அவன்தான் அறிந்துகொள்ளுவான். மனது முதலில், அறிவது பிறகு. ஆகையால் மனம் வராதவர் இன்னும் தெளிவான குரலுக்காக ஜெபிக்க வேண்டாம். மனம் வரவில்லை என்பதையே ஜெபமாகச் சொல்லலாம். தமஸ்குவில் அனனியா அப்படித்தான் செய்தார். நேர்த்தெருவுக்குப் போய், யூதாவின் வீட்டில் சவுலை (பின்னாளில் பவுல்) தேடு என்று தெரு பெயரோடு முகவரி கொடுக்கப்பட்டும், அந்த மனுஷன் எருசலேமில் எத்தனையோ பொல்லாங்கு செய்தவன் ஆயிற்றே என்று வாதாடினார். வாதாடியதற்காகக் கண்டிக்கப்படவில்லை. ‘நீ போ’ என்று மறுபடியும் சொல்லப்பட்டது. போனார். வீட்டுக்குள் நுழைந்து அந்தக் கொடியவன்மேல் கையை வைத்து அவர் சொன்ன முதல் சொல் ‘சகோதரனாகிய சவுலே’.

எந்தச் சட்டை போடுவது, எந்த வழியில் போவது என்றெல்லாம் கேட்க வேண்டுமா?

வேண்டாம். அதற்காகத்தான் புத்தி கொடுத்திருக்கிறார்.

எவ்வளவு ஜெபித்தும் மௌனமாகவே இருக்கிறாரே?

ஆதியாகமம் 16 முடியும்போது ஆபிராமுக்கு வயது 86. அடுத்த வசனம், அதாவது 17:1, தொடங்கும்போது 99. நடுவே பதின்மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் தேவன் பேசியதாக எதுவும் எழுதப்படவில்லை. நம் கண்ணுக்கு அது இரண்டு வரிகளுக்கு நடுவேயுள்ள வெற்றிடம். ஆபிராமுக்கோ தன் மகன் இஸ்மவேல் நடை பழகி வாலிபனாகும் காலம்.

அன்னை தெரசா 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங்குக்கு ரயிலில் போகும்போது, ஏழைகளிலும் ஏழைகளுக்கு ஊழியம் செய்யும் அழைப்பைப் பெற்றார். அந்த ஊழியத்தைத் தொடங்கிய பிறகு பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தையே உணராத இருளில் நடந்தார் என்பது அவருடைய கடிதங்கள் 2007-இல் நூலாக வெளியானபோதுதான் உலகத்துக்குப் பரவலாகத் தெரிந்தது. கடைசியாகக் கேட்ட வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

மறைத்து வைத்த பாவமோ தீராத பகையோ இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் இல்லாத குற்றத்தைத் தோண்டாதீர்கள். யோபுவின் நண்பர்கள் அந்த வேலையை ஏற்கெனவே செய்து கண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். 88-ஆம் சங்கீதம் பதிலே கிடைக்காமல் இருளில் முடிகிறது, அதுவும் வேதத்தில் இருக்கிறது.

எனக்கு உண்மையாகவே குரல்கள் கேட்கின்றன. இது வரமா, வியாதியா?

மருத்துவரைப் பாருங்கள். இதைச் சுற்றிவளைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது. மனச்சிதைவு, கடும் மனச்சோர்வு, பிரசவத்துக்குப் பின் வரும் மனநோய், பல நாள் தூக்கமின்மை, போதைப்பொருள்கள் ஆகியவற்றில் குரல்கள் கேட்கலாம். அன்பானவர் ஒருவர் இறந்தபின் அவருடைய குரல் கேட்பதுபோல் தோன்றுவது பலருக்கும் நடப்பது, அது மட்டும் இருந்தால் பெரும்பாலும் நோயல்ல. ஆனால் குரல் கட்டளையிடுகிறது, இழிவாகப் பேசுகிறது, தூங்க விடுவதில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். உங்களையோ பிறரையோ காயப்படுத்தச் சொன்னால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், துணைக்கு ஒருவரோடு.

ஆபிரகாமுக்கு ஈசாக்கைப் பலியிடச் சொல்லவில்லையா என்று கேட்பார்கள். அதே அதிகாரத்தில் ‘பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே’ என்ற சத்தமும் இருக்கிறது. பிள்ளைகளை அக்கினியில் பலியிடுவதைப் பற்றி, அது என் மனதில் தோன்றவும் இல்லை என்று எரேமியா 7-இல் கர்த்தர் சொல்கிறார்.

ஜெபிக்கிறோம் என்பதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லும் எவரையும் நம்பாதீர்கள், அவர் போதகராக இருந்தாலும். அதேபோல, செய்த பாவத்தை மன்னித்தாரா இல்லையா என்று நாளுக்கு நூறு முறை சோதித்துக்கொண்டே இருக்கிறவர்களுக்கும் இன்னொரு பிரசங்கம் உதவாது. அது பெரும்பாலும் எண்ணச் சுழற்சி நோயின் (OCD) ஒரு வகை, சிகிச்சை உண்டு.

தவறாகப் புரிந்துகொண்டு கீழ்ப்படிந்துவிட்டால்?

அசிசி பிரான்சிஸ், பாழடைந்த சான் தமியானோ சிற்றாலயத்தில் ஜெபித்தபோது, என் வீட்டைப் பழுதுபார் என்ற வார்த்தையைக் கேட்டதாக மரபு சொல்கிறது. அவர் கல் சுமந்துபோய் அந்தக் கட்டடத்தையே பழுதுபார்த்தார். சபை முழுவதையும் பற்றிய அழைப்பு அது என்பது பிறகுதான் விளங்கியது. கல் சுமந்தது வீண் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையான மனதோடு செய்த தவறைத் திருத்துவது தேவனுக்குப் பெரிய காரியம் அல்ல. பவுலே ரோமரின் ஆசியா மாகாணத்திலும் பித்தினியாவிலும் தடுக்கப்பட்ட பிறகுதான் மக்கெதோனியாவுக்குப் போனார்.

‘கர்த்தர் சொன்னார்’ என்று பிறரிடம் அறிவித்துவிட்டேன். அது நடக்கவில்லை. இப்போது?

உபாகமம் 18:22 நேராகவே பேசுகிறது. கர்த்தரின் நாமத்தில் சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை. ஜனங்களுடைய விசுவாசம் குறைவு என்று பழியை மாற்றாதீர்கள், ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது என்று பூசியும் மெழுகாதீர்கள். யார் யாரிடம் சொன்னீர்களோ அவர்களிடமே போய், நான் சொன்னது தவறு, அது என் எண்ணம் என்று சொல்லுங்கள். மேடையிலிருந்து சொல்லியிருந்தால் மேடையிலிருந்தே சொல்லுங்கள். அந்த வார்த்தையை நம்பி யாராவது வேலையை விட்டிருந்தால், சம்பந்தத்தை முறித்திருந்தால், அவர்களுக்கு இனி என்ன உதவி தேவை என்று கேளுங்கள். அதற்காகக் காணிக்கை வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுங்கள்.

இனிமேல், ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது, நீங்களும் ஜெபித்துப் பாருங்கள்’ என்று சொன்னால் போதும். உண்மையிலேயே கர்த்தர் பேசியிருந்தால், அந்த வார்த்தைக்கு உங்கள் முத்திரை தேவைப்படாது.